சொல்லக் கூசிய நோய்க்கு வழி கண்ட டாக்டர் ஷிரோத்கர்



இந்த வாரம் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் கூச்சமானது. வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளைகள் இருக்கையில் இதைச் சத்தம் போட்டுப் படிக்கலாமா என்று சிலர் யோசிக்கலாம். தாராளமாகப் படிக்கலாம். அந்தப் பிள்ளைகளும் கேட்கட்டும். இந்தக் கூச்சத்தினாலேயே நம் அம்மாவும் பாட்டியும் எத்தனையோ வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு வேதனைப்பட்டார்கள். அந்த வேதனை அடுத்த தலைமுறைக்கும் போக வேண்டாம்.

பேராக்கில் கித்தா மரம் செழித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர், பாகான் செராய் என்று எந்தப் பக்கம் போனாலும் கித்தாக் காடுதான். விடியும் முன்னே பெரட்டு. பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். மரம் சீவி, மங்கில் பால் இறங்கியதும் அதை வாளியில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பைப் போட்டு, இரண்டு பக்கமும் வாளி தொங்க, மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். ஆம்பிளைக்கு எத்தனை மரமோ பொம்பிளைக்கும் அத்தனை மரம். வயிற்றில் ஏழு மாசப் பிள்ளை இருந்தாலும் வாளியின் பாரம் குறையாது.

பிள்ளை பெறுவதும் லயத்து வீட்டிலேதான். மருத்துவச்சிக் கிழவிதான் துணை. ஐந்து, ஏழு, பத்து என்று பெற்றவர்கள் உண்டு. உடம்பு தேறும் முன்னே குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடி வாளி தூக்கப் போனார்கள்.

அப்படி உழைத்த பெண்கள் பலருக்கு, நாற்பது வயதுக்குள்ளேயே ஒரு தொல்லை வந்தது. இருமினால், தும்மினால், வாளியைத் தூக்கினால் சிறுநீர் கசிந்து சேலை நனைந்துவிடும். இன்னும் சிலருக்கு, கீழே ஏதோ கனமாக இறங்கி வருவதுபோல இருக்கும். சாயங்காலம் ஆக ஆக இடுப்பு விட்டுப்போகும். கருப்பையே கீழே இறங்கி வெளியே தெரிகிற அளவுக்கு வந்தவர்களும் உண்டு. அடி இறங்கிடுச்சு என்று கிழவிகள் மட்டும் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அது உரசிப் புண்ணாகும். தோட்ட ஆஸ்பத்திரி டிரெசர் ஆண்பிள்ளை. அவரிடம் எப்படிச் சொல்வது? புருஷனிடமும் சொல்ல முடியாது. கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போகாமல் ஒதுங்கிக்கொள்வார்கள். ஊர் அதைத் திமிர் என்று பேசும். அவள் மறைத்து வைத்திருப்பது ஒரு வியாதி என்று யாருக்குத் தெரியும்?

இந்த வியாதியை வெட்கம் என்று ஒதுக்காமல், ஒரு பெண்ணின் வாழ்க்கையே இதில் அடங்கியிருக்கிறது என்று எண்ணி உழைத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் நம்மைப்போல ஆசியாவில் பிறந்தவர். உலகம் முழுவதும் மகப்பேறு மருத்துவம் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் அவர் பெயரை இன்றைக்கும் படிக்கிறான். அவர்தான் டாக்டர் விட்டல் நாகேஷ் ஷிரோத்கர்.

கிராமத்துப் பிள்ளை

கோவாவில் சிரோடா என்று ஒரு கிராமம். 1899-ஆம் ஆண்டு ஷிரோத்கர் அங்கேதான் பிறந்தார். ஊர்ப் பெயரே அவருடைய குடும்பப் பெயராகிவிட்டது. அப்போது இந்தியாவை ஆண்டவர்கள் வெள்ளைக்காரர்கள் என்றாலும் கோவா மட்டும் போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. 1961-ஆம் ஆண்டில்தான் அது இந்தியாவோடு சேர்ந்தது.

அந்தக் கிராமத்துப் பிள்ளை மருத்துவம் படிக்கப் பம்பாய்க்குப் போனார். கிராண்ட் மருத்துவக் கல்லூரி 1845-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பழைய கல்லூரி. அதோடு சேர்ந்தது ஜே. ஜே. ஆஸ்பத்திரி. மில் தொழிலாளி, துறைமுகக் கூலி, வண்டி இழுப்பவர் என்று ஏழைபாழைகள் வந்து சேருகிற இடம் அது. 1923-இல் ஷிரோத்கர் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவமும் பெண்கள் நோயும் தான் எடுத்துக்கொள்ள வேண்டிய துறை என்று தீர்மானித்து, 1927-இல் அதிலே மேல்பட்டமும் வாங்கினார்.

அதோடு நிற்கவில்லை. கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய், 1931-இல் அங்கே அறுவை மருத்துவர்களுக்குரிய எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் பெற்றார். பிரசவ டாக்டராக இருந்தவர் அறுவை சிகிச்சையையும் ஆழமாகக் கற்றுக்கொண்டார். இது அவருக்குப் பின்னாளில் பெரிய பலமாக அமைந்தது.

அந்தப் பட்டத்தோடு சீமையிலேயே தங்கியிருக்கலாம். அவரோ பம்பாய்க்குத் திரும்பினார். தான் படித்த ஜே. ஜே. ஆஸ்பத்திரியிலேயே பணி செய்தார். படித்த கல்லூரியிலேயே பேராசிரியராகி மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

மங்கும் கம்பியும்

அவரிடம் வந்த பெண்களில் கருப்பை இறங்கியவர்கள் பலர். அதில் அவரை யோசிக்க வைத்தவர்கள் இளம் பெண்கள். இருபது, இருபத்தைந்து வயசுதான் இருக்கும். ஒரு பிள்ளை பெற்றவள், சில சமயம் பிள்ளையே பெறாதவள்! பிள்ளை பெறாத பெண்ணுக்கு எப்படிக் கருப்பை இறங்கும் என்று நீங்கள் கேட்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே தாங்கும் நார்கள் பலம் குறைந்து இருக்கும். பாரம் தூக்குகிற வேலையும் விடாத இருமலும் மலச்சிக்கலும் சேர்ந்தால் அவை இன்னும் தளர்ந்துவிடும்.

நம் உடம்பின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். இடுப்பு எலும்பின் அடியிலே, முன்பக்க எலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டியதுபோல ஒரு தசை விரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அந்தத் தூளிதான் அடியிலிருந்து தாங்குகிறது. மேலேயிருந்து கயிறு போட்டு இழுத்துப் பிடித்ததுபோலக் கருப்பையை நார்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரசவத்தில் பிள்ளையின் தலை வெளியே வருகையில் இந்தத் தூளியும் நார்களும் மிகவும் இழுபடும். பிரசவம் நெடுநேரம் இழுத்தாலும், வாய் திறக்கும் முன்னே முக்கச் சொன்னாலும், ஓய்வு இல்லாமல் பாரம் தூக்கினாலும் அவை பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். தூளி தொய்ந்தால் சிறுநீர் கசியும். நார் தளர்ந்தால் கருப்பை இறங்கும்.

அந்தக் காலத்தில் இதற்குச் சிகிச்சை இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து டாக்டர் டொனால்ட் 1888-இல் ஓர் அறுவை முறையைத் தொடங்கினார். பின்னால் டாக்டர் ஃபாதர்கில் அதைத் திருத்தினார். கருப்பையின் வாய்ப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, தளர்ந்த நார்களை முன்பக்கம் இழுத்துத் தைப்பது அந்த முறை. இன்னொரு வழி, கருப்பையையே எடுத்துவிடுவது. பிள்ளைகுட்டி பெற்று முடித்த ஐம்பது வயசுப் பெண்ணுக்கு இது சரிதான். இருபது வயசுப் பெண்ணுக்கு?

கருப்பை வாயை வெட்டிய பிறகு சிலருக்குக் கர்ப்பமே தங்குவதில்லை. தங்கினாலும் ஐந்தாம் மாசம், ஆறாம் மாசம் கலைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பெண்ணின் கதி என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? மலடி என்ற பேர் வரும். மாமியார் வாயில் விழ வேண்டும். புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வியாதி குணமாகும், வாழ்வு போய்விடும்! ஷிரோத்கர் முன்னால் நின்ற சிக்கல் இதுதான்.

நம் தோட்டத்துப் பாணியில் சொன்னால் சுலபமாகப் புரியும். மரத்தில் மங்கைத் தாங்குவது கம்பி. கம்பி தளர்ந்து மங்கு சாய்ந்து தொங்கினால் என்ன செய்வோம்? மங்கைத் தூக்கி எறிவோமா? அதன் விளிம்பை உடைப்போமா? கம்பியை அல்லவா இறுக்கிக் கட்டுவோம்! கருப்பை இறங்கிய பெண்ணுக்குக் கருப்பையிலே குற்றமில்லை, அதைத் தாங்குகிற நாரிலேதான் குற்றம். ஆகவே தாங்குகிற நாரைச் சரி செய்ய வேண்டும் என்ற வழியில் ஷிரோத்கர் போனார்.

முதலாவதாக, மான்செஸ்டர் முறையைத் திருத்தினார். கருப்பை வாயை வெட்டாமல், பின்பக்கத்து நார்களை முன்னுக்குக் கொண்டுவந்து இறுக்கித் தைக்கும் வழியை வகுத்தார். ஷிரோத்கர் திருத்தம் என்று பாடப் புத்தகங்களில் இதற்குப் பெயர்.

இரண்டாவது, நார்கள் ரொம்பவும் பலம் இழந்த இளம் பெண்களுக்குப் புது நாரே போட்டார். தொடையின் வெளிப்பக்கத்தில், தோலுக்கு அடியில், தசையை மூடி வெள்ளையாக உறுதியான உறை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நாடாபோல ஒரு பட்டை எடுத்தார். வயிற்றைத் திறந்து, அந்தப் பட்டையின் ஒரு முனையைக் கருப்பை வாயின் பின்பக்கத்தில் தைத்து, மறு முனையை முதுகெலும்பின் அடிப்பகுதியில் எலும்பை ஒட்டிய உறுதியான இடத்தில் கட்டினார். தொங்கு பாலத்தைக் கம்பி பிடிப்பதுபோலக் கருப்பை தன் இடத்திலே நின்றது. பெண்ணின் உடம்பிலிருந்தே எடுத்த பட்டை என்பதால் உடம்பும் அதை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் செயற்கை நூலால் செய்த நாடாவையும் பயன்படுத்தினார்கள். இந்த முறையில் கருப்பைக்கும் கருப்பை வாய்க்கும் சேதமில்லை. அந்தப் பெண் மறுபடியும் கர்ப்பம் தரிக்கலாம்.

இந்த அறுவை கஷ்டமானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய இரத்தக் குழாயும் சிறுநீர்க் குழாயும் குடலும் பக்கத்திலேயே இருக்கின்றன. இடப்பக்கம் குடல் குறுக்கே நிற்பதால் நாடாவை அங்கே தசையில் ஒரு வளையம் போட்டுச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். கைதேர்ந்தவரால்தான் முடியும். ஆகவே அவருக்குப் பின்னால் வந்த புரந்தரே, கன்னா போன்ற இந்திய மருத்துவர்கள் இதைவிடச் சுலபமான முறைகளைக் கண்டார்கள். பாதை வெட்டியவர் ஒருவர், அதைச் சீராக்கியவர்கள் பலர். எந்தத் தொழிலிலும் இதுதானே வழக்கம்!

சுருக்குப் பை வைத்தியம்

கருப்பை வாயைப் பற்றி இப்படி ஆழ்ந்து யோசித்தவருக்கு இன்னொரு கேள்வியும் எழுந்தது. சில பெண்களுக்கு அறுவை ஏதும் நடக்காமலேயே நாலாம் மாசத்துக்கும் ஏழாம் மாசத்துக்கும் நடுவில் கர்ப்பம் கலைகிறது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப! பெரிய வலியும் இருப்பதில்லை. பனிக்குடம் உடைந்து பிள்ளை நழுவி வந்துவிடுகிறது. படுக்கையிலே ஓய்வு, மருந்து, ஊசி, எதுவும் உதவவில்லை. தோட்டத்தில் இப்படி நடந்தால் கண்ணு பட்டிடுச்சு, காத்துக் கருப்பு அண்டிடுச்சு என்று மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள்.

ஷிரோத்கர் உன்னிப்பாகப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார். கருப்பையின் உள்வாய் பலம் இழந்திருக்கிறது. பிள்ளை வளர்ந்து பாரம் கூடக் கூட அது தாங்காமல் திறந்துவிடுகிறது.

நம் பாட்டிமார் இடுப்பிலே சுருக்குப் பை செருகியிருப்பார்கள் இல்லையா? வாய்க் கயிறு தளர்ந்தால் உள்ளே இருக்கிற சில்லறை கொட்டிவிடும். கயிற்றை இழுத்துக் கட்டினால் பத்திரம். அதே வேலையைத்தான் ஷிரோத்கர் செய்தார். தொடையிலிருந்து எடுத்த அதே வகைப் பட்டையைக் கருப்பை வாயைச் சுற்றி, மேல் தோலுக்கு உள்ளே செலுத்தி, உள்வாய் இருக்கிற உயரத்தில் இறுக்கிக் கட்டினார். பிள்ளை உள்ளே தங்கியது. பல தடவை இழந்து மனம் உடைந்த பெண்கள் உயிருள்ள பிள்ளையைக் கையில் ஏந்தினார்கள்.

இந்த முறையை 1955-ஆம் ஆண்டு அவர் எழுதி வெளியிட்டார். எங்கே தெரியுமா? நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஆன்டிசெப்டிக் என்ற மருத்துவ மாத இதழில்! டாக்டர் யு. ராமராவ் தொடங்கிய பத்திரிகை அது. உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஒரு மருத்துவக் கட்டுரை லண்டனில் இல்லை, நியூயார்க்கில் இல்லை, சென்னைப் பட்டணத்தில் அச்சேறியது என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு.

இரண்டு வருஷம் கழித்து, 1957-இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து டாக்டர் இயன் மெக்டொனால்ட் இதைவிடச் சுலபமான தையலை வெளியிட்டார். பிரசவத்துக்குக் கொஞ்சம் முன்னே அவிழ்த்துவிடக்கூடிய தையல் அது. இன்று உலகம் பூராவும் மருத்துவமனைகளில் இந்த இரண்டு முறைகளும் கையாளப்படுகின்றன. மலேசிய டாக்டர்களுக்கும் ஷிரோத்கர் தையல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்பு எல்லாவற்றுக்கும் தையல் மருந்தல்ல. முதல் மூன்று மாசத்துக்குள் கலைவது பெரும்பாலும் கருவிலேயே உள்ள கோளாறினால்தான். அதற்குத் தாயின் வேலையோ நடையோ காரணமில்லை, யாருடைய கண்ணும் காரணமில்லை. யாருக்குத் தையல் தேவை என்பதை முந்தைய பிரசவ விவரத்தையும் ஸ்கேனையும் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். ஆகவே ஐந்தாம், ஆறாம் மாசத்தில் ஒரு பிள்ளையை இழந்தவர்கள், அடுத்த கர்ப்பம் தெரிந்த உடனே கிளினிக்கில் அந்த விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். அது ரொம்ப முக்கியம்.

மேற்கு கிழக்கிடம் கற்றது

அதுவரையில் மருத்துவம் என்றால் சீமையிலிருந்து நமக்கு வருவது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஷிரோத்கரால் அந்த எண்ணம் மாறியது. கோவாக் கிராமத்தில் பிறந்தவர் பம்பாயில் ஏழைப் பெண்களுக்குச் சிகிச்சை செய்து கண்ட முறைகளை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள். அவர் எழுதிய மருத்துவ நூல் ஒன்று 1960-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துப் பதிப்பகத்தில் வெளியாயிற்று.

கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளை இல்லாதவர்களுக்காகவும் அவர் அறுவை முறைகளை ஆராய்ந்தார். ஒரு பக்கம் பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்குப் பிள்ளை கிடைக்க வழி தேடினார். இன்னொரு பக்கம், அடுக்கடுக்காகப் பெற்று உடம்பு அழிகிறவர்களுக்காகக் குடும்பக் கட்டுப்பாடு இயக்கத்துக்கும் துணை நின்றார். இரண்டும் முரண்பாடு போலத் தெரியும். முரண்பாடே இல்லை. எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை என்பது பெண்ணின் உடம்பு தாங்குவதைப் பொறுத்தது என்ற ஒரே எண்ணம்தான் இரண்டுக்கும் அடிப்படை.

இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1971-ஆம் ஆண்டு அதற்கும் மேலான பத்மவிபூஷண் விருதும் கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் காலமானார். எழுபத்தோரு வயசு. மனிதர் போனாலும் அவர் போட்ட தையல் இன்றைக்கும் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு தாயின் வயிற்றுப் பிள்ளையைக் காத்துக்கொண்டிருக்கிறது.

கத்தி இல்லாத வைத்தியம்

அறுவை என்றதும் பயந்துவிடாதீர்கள். எல்லாருக்கும் கத்தி தேவையில்லை. பம்பாயில் ஷிரோத்கர் உழைத்த அதே காலத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் டாக்டர் ஆர்னல்ட் கெகல் என்பவர் வேறு வழியில் போனார். இடுப்படித் தூளியும் தசைதானே, கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுத்துப் பலமாக்குவதுபோல இதையும் பலமாக்க முடியாதா என்று யோசித்தார். 1948-இல் தம்முடைய பயிற்சி முறையை வெளியிட்டார். பல பெண்கள் சரியான தசையை விட்டுவிட்டு வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குகிறார்கள் என்று கண்டு, சரியான தசை இறுகுகிறதா என்று முள் அசைந்து காட்டும் ஒரு கருவியும் செய்தார். சிறுநீர் கசிவுக்கு முதலில் சொல்ல வேண்டிய வைத்தியம் இந்தப் பயிற்சிதான் என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. காசு செலவில்லை. கருவியும் கட்டாயமில்லை.

செய்யும் விதம் இதுதான். வாயு பிரியாமல் அடக்குவதுபோலவும், சிறுநீரை நிறுத்துவதுபோலவும் ஒரே சமயத்தில் உள்ளே இழுத்துப் பிடியுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை தளர விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. காலை, மதியம், ராத்திரி என்று ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. சிறுநீர் கழித்துக்கொண்டே இதைப் பழகக் கூடாது. அது வேறு கோளாறில் கொண்டுபோய் விடும். பஸ்ஸுக்குக் காத்திருக்கையிலும் செய்யலாம், சோறு வேகும்போதும் செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது! நாலு நாள் செய்துவிட்டுப் பலன் இல்லையே என்று விடக் கூடாது. மூன்று மாசமாவது விடாமல் செய்ய வேண்டும். பாரம் தூக்கும் முன்னும், இருமல் வரும்போதும் அந்தத் தசையை ஒரு தடவை இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள்.

கருப்பை இறக்கத்துக்கும் ஆரம்பத்தில் இந்தப் பயிற்சி உதவும். அறுவை வேண்டாதவர்களுக்கு, அல்லது வயசு, சர்க்கரை, இருதய நோய் காரணமாக அறுவை தாங்காதவர்களுக்கு, உள்ளே வைக்கிற வளையம் ஒன்று இருக்கிறது. டாக்டரோ நர்ஸோ அளவு பார்த்து வைப்பார்கள். குறித்த நாளில் போய்ச் சுத்தம் செய்து மாற்றிக்கொள்ள வேண்டும். துணியைச் சுருட்டி வைப்பதெல்லாம் இனி வேண்டவே வேண்டாம்.

நம்ம வீட்டுக் கணக்கு

இன்றைக்குப் பேராக்கில் கித்தா நிரைகள் பலவும் செம்பனைக் காடாகிவிட்டன. சில இடங்கள் தாமானாகவும் கடைத்தெருவாகவும் ஆகிவிட்டன. லயத்தை விட்டு வெளியேறி ஈப்போ பக்கம், புந்தோங் பக்கம் என்று குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஆனால் அந்தப் பழைய பாரம் இன்னும் சில பாட்டிமார் உடம்பிலே இருக்கிறது. வாளியை இறக்கி வைத்து முப்பது, நாற்பது வருஷம் ஆகியும் நனைந்த சேலையை மறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு தசையும் நாரும் இன்னும் தளர்வதால் தொல்லை கூடத்தான் செய்யும். பாட்டி கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம் பிடித்தால், பிள்ளைகளே, கோபப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகக் கேளுங்கள்.

செம்பனையில் வேலை செய்யும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உதிரிப் பழ மூட்டையை ஒரே தூக்காகத் தூக்காதீர்கள். பாதியாகப் பிரித்துத் தூக்குங்கள். குனிந்து இழுக்காமல், முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து தூக்குங்கள். காட்டில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே இருக்கிறீர்கள். அது தப்பு. சிறுநீர் கெட்டியாகிக் கடுப்பும் கிருமியும் வரும். கசிவு கூடும். நார்ச்சத்துள்ள கீரை, காய், பழம் சாப்பிட்டு மலச்சிக்கலைப் போக்குங்கள். விடாத இருமல் இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள்.

பிரசவ விடுமுறையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு 60 நாளாக இருந்ததைச் சட்டம் திருத்தி, 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாளாக ஆக்கியிருக்கிறார்கள். இழுபட்ட நார் இறுகுவதற்கு உடம்புக்கு அந்த நாட்கள் தேவை. மாமியார்மார்களே, மருமகள் படுத்திருக்கிறாள் என்று முணுமுணுக்காதீர்கள். தண்ணீர் டிரம்மை அவள் தூக்க வேண்டாம். நீங்கள் அந்தக் காலத்தில் மூன்றாம் நாளே எழுந்து வேலை செய்ததன் பலனை உங்கள் இடுப்பே சொல்லுமே!

ஆம்பிளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். மனைவி ஒதுங்கிப் படுத்தால் கோபித்துக்கொள்ளாமல் காரணம் கேளுங்கள். அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வயசான ஆண்களுக்கும் சிறுநீர் அடக்க முடியாத தொல்லை வருவது உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எங்கே போவது என்று தயங்க வேண்டாம். பக்கத்து அரசாங்க கிளினிக்கில் முதலில் சொல்லுங்கள். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரையோ மிஸ்ஸியையோ கேளுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் மகளிர் நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், காய்ச்சலோடு கடுப்பு, சிறுநீரே வராமல் அடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் நாள் கடத்தாமல் உடனே போய்விட வேண்டும்.

வக்கீலிடமும் வைத்தியரிடமும் மறைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஷிரோத்கர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், பம்பாய் ஆஸ்பத்திரி வாசலை மிதித்துத் தன் குறையைச் சொன்ன முதல் பெண் இல்லாவிட்டால் அவரால் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. பெயர் தெரியாத அந்தப் பெண்களின் துணிச்சலும் அவருடைய கைத்திறமையும் சேர்ந்துதான் இன்று உலகத்துக்குப் பயன்படுகிறது. அந்தத் துணிச்சல் நம் தோட்டப்புறத்துப் பெண்களுக்கும் உண்டு. இருட்டிலே, பாம்புக்கும் அட்டைக்கும் நடுவிலே தனியாக நிரைக்குப் போனவர்கள் அல்லவா அவர்கள்!

இந்த வாரம் இதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்காவது படித்துக் காட்டுங்கள். அப்புறம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.